ஊதக்கூடாத கஞ்சி

முன்னொரு காலத்தில், மேகம் முட்டி நிற்கும் மலையுச்சியில் கோட்டை கட்டி ஓர் அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் எதற்கும் ஓர் அளவு வேண்டும் என்பார். ஒரு மார்கழியில் குளிருக்கும் அளவு வைத்தார். முற்றத்தில் வெண்கலக் கிண்ணம் நிறையத் தண்ணீர். விடியும்போது அதன்மேல் பாலாடை போலப் பனிக்கட்டி படிந்திருந்தால் அன்று கடுங்குளிர். காவலருக்குக் கம்பளி உண்டு. படியவில்லையென்றால் குளிர் இல்லை, கம்பளியும் இல்லை.

"தண்ணீருக்கு ஆடை வந்தால்தான் காவலனுக்கு ஆடை" என்று அரசர் தம் பேச்சைத் தாமே மெச்சிக்கொண்டார். அவையும் மெச்சியது.

மெச்சாதவன் ஒருவன்தான், அவையைச் சிரிக்கவைக்கும் விகடன் குப்பாண்டி. அவைக்கு வருமுன் அதே கோட்டைக்குக் கல் சுமந்தவன் அவன். மேற்கு மதிலில் காற்று எப்படி அடிக்கும் என்று அவன் முதுகுக்குத் தெரியும்.

ஒரு காலையில் மடைப்பள்ளிப் பக்கம் போனவன், மதில் காவலன் உடையான் கணப்புச் சட்டிக்குள் இரண்டு கைகளையும் விடப் போவதைக் கண்டு பாய்ந்து இழுத்தான்.

"அடேய், எடுடா கையை."

"சுடவே இல்லைண்ணே. அதான் இன்னும் கொஞ்சம் உள்ளே வைக்கலாம்னு."

"மரத்த கைக்கு நெருப்பு தெரியாது. தோல் வெந்த பிறகுதான் தெரியும். தேய்க்கவும் தேய்க்காதே. அக்குளுக்குள்ளே வச்சுக்க. மெதுவாத்தான் உயிர் வரும்."

உடையானின் விரல்கள் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருந்தன. "விரல் மடங்கலைண்ணே. ராத்திரி ஈட்டி தானா நழுவிக் கீழே போச்சு. சரியா தளவாய் நடந்து வர்றப்போவா நழுவணும்? காத்துல குளிர் கூடுதலா இருக்குன்னேன், கேக்கலை. இப்போ அவைக்கு வரச் சொல்லியிருக்காக."

படைக்குத் தலைவரான தளவாய் நாகப்பர், அரசருக்குப் பக்கத்தில் ஒரு கல்தூக்கி உட்காருவதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பவர். உடையானுக்காகக் குப்பாண்டி வாய் திறப்பான் என்று அவருக்குத் தெரியும். அதனால் இரண்டு கிண்ணங்களோடு அவைக்கு வந்தார்.

"அரசே, இது முற்றத்தில் இருந்தது. இது மேற்கு மதிலில் விடிய விடியக் காற்றில் இருந்தது. இரண்டிலும் ஆடை இல்லை. ஆகவே இரண்டு இடத்திலும் குளிர் ஒன்றே. காற்றால் கூடுதலாகக் குளிர்கிறது என்பது இந்தக் காவலனின் சோம்பல்."

அரசர் இரண்டிலும் விரல் விட்டுப் பார்த்தார். ஒன்றாகத்தான் இருந்தது.

"இவன் ஏழு நாள், ஆள் மாற்றாமல், கம்பளி இல்லாமல் மேற்கு மூலையிலேயே நிற்கட்டும். இன்று அந்தியில் தொடங்கட்டும்" என்றார்.

உடையான் மரத்த கைகளை மறுபடி அக்குளுக்குள் வைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் அவனைக் கட்டிலில் வைத்துத்தான் இறக்குவார்கள் என்று குப்பாண்டிக்குத் தெரிந்தது. கெஞ்சினால் நடக்காது. எழுந்து முன்னால் வந்தான்.

"அரசே, காற்று எதையும் குளிர்விக்காது என்பது தங்கள் தீர்ப்பா?"

"ஆம்."

"அப்படியானால் ஊருக்கே ஆணையாகட்டும். பறை அறையச் சொல்லுங்கள். ஒரு சந்தேகம்: குளிர்விக்கும் என்று வாயால் சொன்னால் மட்டும் குற்றமா, செயலில் காட்டினாலும் குற்றமா?"

தளவாய் முந்திக்கொண்டார். "இரண்டும் குற்றம். தண்டனை அதே ஏழு நாள். விகடனுக்கும் ஒருநாள் புத்தி வந்திருக்கிறது."

"வந்த புத்தி போவதற்குள் இந்த ஆணையைக் காக்கும் வேலையை அடியேனுக்குத் தாருங்கள்" என்றான் குப்பாண்டி. அரசர் தலையசைத்தார்.

பறை முழங்கியது. குப்பாண்டி நேரே மடைப்பள்ளிக்குப் போய் அங்கிருந்த விசிறிகளை எல்லாம் பிடுங்கி ஓர் அறையில் போட்டுப் பூட்டினான்.

உச்சிப்பொழுதில் அரசரும் தளவாயும் உண்ண அமர்ந்தார்கள். மிளகுக் கஞ்சி, அடுப்பிலிருந்து இறக்கிய கொதிப்பு அடங்காமல் வந்தது.

"விசிறி எங்கே?" என்றார் அரசர்.

"சிறையில் இருக்கிறது அரசே. காற்று ஆற்றும் என்று செயலில் காட்டும் பொருள்."

அரசர் ஒரு கரண்டியை வாயருகே கொண்டுபோனார்.

"அரசே, தங்கள் உதடு குவிகிறது."

அரசர் உதட்டை நேராக்கிக்கொண்டார். கரண்டியை வைத்தார். பசி வயிற்றைக் கிள்ளியது. கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். தளவாயோ தம்மை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, முகத்தைத் தூண் பக்கம் திருப்பி, பூ பூ என்று இரண்டு ஊது ஊதினார்.

குப்பாண்டி அவர் கையைப் பிடித்தான். "தளவாய் அவர்களே, கம்பளியைக் கழற்றுங்கள். மேற்கு மூலை காத்திருக்கிறது."

தளவாய்க்கு முகம் கறுத்தது. "மூடனே, கிண்ணத்துத் தண்ணீரும் கஞ்சியும் ஒன்றா? தண்ணீர் முன்பே ஆறிக் கிடப்பது. அங்கே காற்றுக்கு என்ன வேலை? கஞ்சியில் சூடு இருக்கிறது. காற்று அதை அள்ளிக்கொண்டு போகிறது, சீக்கிரம் ஆறுகிறது. பால் குடிக்கும் குழந்தைக்கும் இது தெரியும்."

"காலையில் அவைக்குத் தெரியவில்லையே" என்ற குப்பாண்டி, வெளியே நிறுத்தி வைத்திருந்த உடையானைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினான். "இவனைத் தொட்டுச் சொல்லுங்கள். இவன் கிண்ணத்துத் தண்ணீரா, கஞ்சியா?"

தளவாய் தொடவில்லை.

"முற்றத்தில் நிற்பவனுக்கு உடம்புச் சூடு கொஞ்சமாவது மேலேயே தங்கும். மதிலில் நிற்பவனைக் காற்று ஓயாமல் ஊதுகிறது. இரண்டு இடத்திலும் குளிர் ஒன்றுதான் அரசே, ஒப்புக்கொள்கிறேன். சூடு பறிபோகும் வேகம் ஒன்றில்லை. கிண்ணத்தை வைத்து இவனை அளக்க வேண்டுமானால் இவன் செத்துக் கிடக்க வேண்டும். அப்போது தங்கள் அளவு துளியும் பிசகாது."

அரசரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அரசர் கஞ்சியைப் பார்த்தார், குப்பாண்டியைப் பார்த்தார்.

"இப்போது நான் ஊதினால்?"

"தங்களுக்கும் ஏழு நாள்."

அரசருக்குச் சிரிப்பில் முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. "ஆணையைக் கிழியுங்கள், நான் உண்ண வேண்டும்" என்று சொல்லி ஆசை தீர ஊதினார். பிறகு உடையானைப் பார்த்து, "உனக்கு என்ன வேண்டும், பயப்படாமல் சொல்" என்றார்.

"காத்தை மறைக்க ஒரு தட்டி வேணும் மகாராசா. கம்பளிதான் பெரிசு, ஆனா காதும் கையும் தெரிய நின்னா அதுக்கும் பலன் இல்லை, அதுக்குத் துணி வேணும். பனியில நனைஞ்சா மாத்திக்க உலர்ந்தது ஒண்ணு. அப்புறம், ஒரே ஆளை விடிய விடிய நிறுத்தாம அப்பப்போ மாத்தி விட்டா, இறங்கி வந்து சூடா ஏதாவது குடிச்சுக்குவோம்."

"காற்று அடிக்கும் நாளெல்லாம் அப்படியே. தண்டனையும் இல்லை. தட்டி கட்டி முடியும்வரை தளவாய் மேற்கு மூலையில் நின்று மேற்பார்வை செய்யட்டும்."

அந்திக்குள் தட்டி எழுந்துவிட்டது. தளவாய் அவ்வளவு விரட்டி வேலை வாங்கினார்.

மறுநாள் அரசர் தாமே மதிலேறி, தட்டிக்கு வெளியே, மேற்குக் காற்றில் ஒரு நாழிகை நின்றார். இறங்கும்போது மூக்கு சிவந்து, பல் தந்தியடித்தது. குப்பாண்டிக்குப் பரிசு தரக் கையை நீட்டினார். குளிரில் விரல் சுருங்கிப் போயிருந்ததால், கழற்றுவதற்கு முன்பே நவரத்தின மோதிரம் நழுவி அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"நான் கொடுக்கவில்லையடா, காற்றே கொடுத்துவிட்டது" என்று அரசர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்படியானால் இன்னும் ஒரு நாழிகை நில்லுங்கள் அரசே" என்றான் குப்பாண்டி. "மற்ற கையிலும் ஒன்று இருக்கிறது."