லீவுக்குக் காரணம்

“எல்லாம் கொடுத்தாச்சு தாயே. இன்னும் என்னதான் வேணும் இந்தப் பிள்ளைங்களுக்கு?”

கேட்டவர் ஆறுச்சாமி. கோவையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் முதலாளி, வயது ஐம்பத்தெட்டு. எதிரே அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் உமையாள், மலையடிவார ஆசிரமத்தின் குரு. அவளுக்கு முப்பத்தைந்துதான். ஞானம் என்ன வயசு பார்த்தா வருகிறது? விடுங்கள்.

“என்ன கொடுத்தீங்க?”

“ஏசி. கேரம் போர்டு. மெத்துமெத்துன்னு சோபா. வெள்ளிக்கிழமையானா பீட்சா. அப்படியும் இந்த வருஷம் நாலு பேர் போயிட்டாங்க. நேத்து சுகன்யாவும் ராஜினாமா கொடுத்துட்டா. ஆறு வருஷமா கம்பெனியே அவதான். அவ போயிட்டா நான் கடையைச் சாத்திட வேண்டியதுதான்.”



“எதுக்குப் போறாளாம்?”

“அதுதானே தெரியலை! முந்தாநாள் வந்து, வெள்ளிக்கிழமை லீவு வேணும்னா. எதுக்குன்னு கேட்டேன். சொந்த வேலைன்னா. என்ன சொந்த வேலைன்னேன். அவ்வளவுதான், மறுநாள் லெட்டர். லீவுன்னா காரணம் கேட்கணுமா இல்லையா? எங்க ஆபீஸ்ல ஒரு பையனோட பாட்டி மூணு தடவை செத்துருக்காங்க தாயே!”

உமையாள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அப்போது சமையற்கட்டிலிருந்து சமையல்காரர் ஒண்டிமுத்து எட்டிப் பார்த்தார்.

“நாளைக்கு நான் வரமாட்டேனுங்க.”

“சரிங்க, போயிட்டு வாங்க.”

ஆறுச்சாமி பதறிப்போனார். “நாளைக்கு அன்னதானமாச்சே! எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?”

“அவர் வராட்டி சாம்பார் நான் வைக்கணும். அவ்வளவுதானே?”

இதென்ன பதில் என்று அவருக்குச் சலிப்பாகிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை. நாலு மணிக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும். பல்செட்டுக்கு அளவெடுக்கிறார்கள். வீட்டம்மாவுக்குக்கூடத் தெரியாது.

“நான் கிளம்பறேன் தாயே.”

“எதுக்கு?”

“ஒரு வேலை இருக்குதுங்க.”

“என்ன வேலை?”

“சொந்த வேலை.”

“என்ன சொந்த வேலைங்கண்ணா?”

அவருக்குச் சுருக்கென்றது. இவளுக்கு எதற்கு அதெல்லாம்? ஆனால் குருவாயிற்றே, பதில் சொல்லாமல் எப்படி? பள்ளிக்கூட நாளில் லீவு லெட்டரில் எழுதிப் பழகியது தானாக வாயில் வந்துவிட்டது.

“காய்ச்சலுங்க.”

உமையாள் எழுந்து வந்தாள். அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“சுடலையே அண்ணா.”

ஆறுச்சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து போனை எடுத்தார்.

“சுகன்யா, வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கம்மா.”

மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

“அப்புறம்மா, எனக்கும் இன்னிக்கு லீவு வேணும். இனி நாளைக்குத்தான் ஆபீசுக்கு வருவேன்.”

“சரிங்க சார், போயிட்டு வாங்க,” என்றாள் சுகன்யா. “அந்த ராஜினாமா லெட்டரை நாளைக்கு வந்து திரும்ப வாங்கிக்கறேன்.”