மூச்சுக்கு ஒரு பட்டயம்

வெகு காலத்துக்கு முன்னால் கருவேலநாடு என்றொரு சீமை இருந்தது. அதைத் திருமேனிராயன் என்ற ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வான், சாப்பிட்டு எழுந்ததும் வேறொன்று சொல்வான். சங்கீதத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு வேறு.

அவன் கட்டிக்கொண்டிருந்த புது மண்டபத்துக்கு வெள்ளச்சி சுண்ணாம்பு இடித்தாள். நாற்பது பெண்கள் வரிசையாக நின்று உலக்கை போடுவார்கள். கைவலி தெரியாமலிருக்க வெள்ளச்சி பாட்டுக் கட்டுவாள், மற்றவர்கள் கூடப் பாடுவார்கள். வரியை நீளமாக இழுத்து, நடுவில் சட்டென்று மூச்சை வெட்டி, அடிக்குரலில் மறுபடி எடுப்பார்கள். கேட்கிறவன் நெஞ்சு ஒரு கணம் நின்று ஓடும்.

அரசவைப் பாடகர் செவ்வந்தியப்பர் அந்தப் பக்கம் பல்லக்கில் போவார். வேலைக்களத்தருகே பல்லக்கு தினமும் சற்று நேரம் நிற்கும். மூன்றே மாதம், அதே இழுப்பு, அதே வெட்டு சபையில் ஏறிவிட்டது. ராஜா சொக்கிப்போய் 'நாதபூபதி' என்று பட்டம் கொடுத்தான்.

ஊரெல்லாம் அப்படிப் பாட ஆரம்பித்ததும் நாதபூபதிக்கு வயிறு எரிந்தது. "அரசே, என் பாணியைக் கண்டவனெல்லாம் திருடுகிறான்!" என்று அழுதார். மந்திரி உலகுடையார் வேண்டாமென்று தடுத்தும் கேளாமல், ராஜா செப்புப் பட்டயம் எழுதிவிட்டான். மூச்சை வெட்டிப் பாடும் பாணி நாதபூபதிக்கே சொந்தம். வேறு யார் பாடினாலும் சிறை.

மறுநாளே வேலைக்களத்தில் நாலு பேரைப் பிடித்தார்கள். அதில் ஒருவன் தண்ணீர் சுமந்த பெரியாண்டி, வெள்ளச்சியின் புருஷன். வாய்ப் பழக்கத்தில் ஒரு வரி முணுமுணுத்திருந்தான், அவ்வளவுதான்.

ஒன்பது நாள் அவள் சிறைவாசலில் போய் நின்றாள். முகம் பார்க்க விடவில்லை. 'நான் கட்டின பாட்டு. அதைப் பாடினதுக்கு என் புருஷன் கம்பிக்குள்ளே. திருடினவன் பல்லக்கிலே!' நினைக்க நினைக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள் காலை, சபை கூடும் வேளை பார்த்து அரண்மனை வாசலில் நின்றாள். தொண்டை கிழியப் பாடினாள்.

காவலர் இழுத்துப்போய் ராஜா முன்னால் தள்ளினார்கள்.

"என் ஆணை உனக்குத் தெரியாதா?" என்று சீறினான் ராஜா.

"தெரியும் மகாராசா. எது குத்தம்னுதான் தெரியலை. இழுக்கிறதுங்கிறான் ஒரு காவக்காரன். நிறுத்துறதுங்கிறான் இன்னொருத்தன். எதுன்னு ஒருதரம் காட்டிட்டா, செத்தாலும் அதைப் பாடமாட்டேன்."

செவ்வந்தியப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

வெள்ளச்சி குறுக்கே புகுந்தாள். "அவருக்கு அது சொந்தச் சரக்கு, அவர் எப்படியும் பாடுவார். நல்லாக் கேட்டவங்க சொல்லட்டும். இந்தச் சபையிலே நல்ல காது யாருக்கு மகாராசா?"

ராஜாவுக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. "கேள், காட்டுகிறேன்!" என்று கண்ணை மூடி இரண்டு வரி பாடினான். இழுத்தான், வெட்டினான், கீழிருந்து எடுத்தான். சபை தலையாட்டியது.

வெள்ளச்சி காவலன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அந்த விலங்கை எடுத்துக்கிட்டு சிங்காசனப் படி ஏறுங்க."

ராஜாவின் கை வாளுக்குப் போனது.

"அரசே, 'வேறு யார் பாடினாலும்' என்று எழுதச் சொன்னது தாங்கள்தான்" என்றார் மந்திரி மெதுவாக.

ராஜா முகம் சிவக்கப் பாடகரைப் பார்த்தான். "செவ்வந்தியப்பரே, நான் திருடனா?"

"ஐயையோ! தாங்கள் ஆசையாகக் கேட்டீர்கள், கேட்டது மனசில் ஒட்டிக்கொண்டது. அது எப்படித் திருட்டாகும்?"

"அப்போ என் புருஷன் மனசிலே ஒட்டினது மட்டும் திருட்டா?" வெள்ளச்சி ஒரு அடி முன்னால் வந்தாள். "மகாராசா, அந்த இடத்திலே மூச்சை ஏன் வெட்டுறார்னு அவரைக் கேளுங்க."

"அது... நுணுக்கம். சொல்லில் அடங்காது."

"உலக்கை விழுற இடம் அது!" இரண்டு கையையும் உயரத் தூக்கி ஓங்கி இறக்கினாள். "இப்படி விழும்போது எவளுக்கும் குரல் வராது. அதான் நிறுத்தினோம். பல்லக்கிலே உட்கார்ந்து கேட்டவருக்கு அது எங்கே தெரியும்?"

ராஜா துள்ளி எழுந்தான். "பட்டயத்தை இவள் பெயருக்கு மாற்றுங்கள்! இனி இவளைத் தவிர எவன் பாடினாலும்..."

"வேண்டாம்!" என்று கத்தினாள். "என் பேருக்கு எழுதினா, கூட இடிச்ச முப்பத்தொன்பது பேரும் நாளைக்கு உள்ளே போகணும். பாடுற விதத்துக்கு வேலி கட்டாதீங்க. அவரும் பாடட்டும், எதிரியும் பாடட்டும். ஆனா இவர் இங்கே பாடுற 'ஆத்துமணல் சலிக்கையிலே' பாட்டு நான் வார்த்தை வார்த்தையாக் கட்டினது. அதைப் பாடினா என் பேரைச் சொல்லிட்டுப் பாடணும்."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. பட்டயத்தை உருக்கச் சொன்னான். நாதபூபதிப் பட்டத்தைப் பிடுங்கினான். "இது சுண்ணாம்பு இடிக்கும் வெள்ளச்சி கட்டிய பாட்டு" என்று செவ்வந்தியப்பரை அந்தச் சபையிலேயே மூன்று முறை சொல்லவைத்தான். பிறகு முத்துமாலை ஒன்றை வெள்ளச்சிக்கு நீட்டினான்.

"நான் பரிசு கேட்டு வரலை, மகாராசா. உள்ளே இருக்கிற நாலு பேரைக் கேட்டு வந்தேன்."

சிறை திறந்தது. பெரியாண்டி கூசும் கண்ணோடு, கன்னம் ஒட்டிப்போய் வந்தான். அவள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ராஜா குழைந்தான். "எல்லாம் சரியாகிவிட்டதே! உன் வாயால் ஒரு பாட்டுப் பாடு தாயே, கேட்கிறேன்."

வெள்ளச்சி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னிக்குப் பாட்டு வராது மகாராசா. இன்னும் கோபமா இருக்கேன்."

சொல்லிவிட்டுப் புருஷனோடு படியிறங்கிப் போனாள். கருவேலநாட்டுச் சபை அன்று பாட்டில்லாமலே கலைந்தது.