மந்திரி பால் காய்ச்சிய வீடு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த வழக்கானாலும் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும் என்பது அவருக்கு ஒரு பித்து. அதனால் நேரம் மிச்சமானது. நியாயம் கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

ஒருநாள் மந்திரி அரியநாயகம் பிராது கொண்டுவந்தார். தம் வீட்டில் வாடகைக்கு இருக்கும் நெசவுக்காரி பூவாயி, அனுமதியில்லாமல் கூரை ஓடுகளை மாற்றிவிட்டாளாம்.

"மூணு வருசமா கேட்டேன் சாமி. மழை வந்தா தறிக்குழியில தண்ணி நிக்குது. பாவு நூலு நனைஞ்சா நான் எதை நெய்யறது?" என்றாள் பூவாயி.

வீடு சீரானதும் மந்திரியின் மைத்துனர் கண் அதன்மேல் விழுந்துவிட்டது. சபைக்கே தெரியும். வாய் திறக்கத்தான் ஆளில்லை.

"குடிவந்தபோது வீடு எப்படி இருந்ததோ, அப்படியே இன்று திருப்பித் தரட்டும்" என்றார் ராஜா.

பூவாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தறியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? அவளருகே போய் நின்றான் சபையின் விகடகவி குப்பாண்டி. ஒழுகும் இடமெல்லாம் பாத்திரம் வைத்தே வளர்ந்தவன் அவன்.

அவன் முகம் வாடியதைக் கண்ட மந்திரி, அவன்மேல் தமக்கிருந்த நெடுநாள் பொறாமையையும் தீர்த்துக்கொள்ளப் பார்த்தார். "மகாராஜா, குப்பாண்டியே இதை நிறைவேற்றட்டும். சிறிது பிசகினாலும் அவன் சபையை விட்டு விலகட்டும்."

"உத்தரவு" என்றான் குப்பாண்டி. "மந்திரியார் முறைப்படி பால் காய்ச்சி வீட்டை ஏற்க வேண்டும். மகாராஜாவும் எழுந்தருள வேண்டும்."

ஐப்பசி மாதம். மாலையில் ராஜா வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. உள்ளே நுழைந்தால் தலைக்குமேல் இடுக்கெல்லாம் வானம். பூவாயி போட்ட ஓடுகளை ஒன்று விடாமல் இறக்கி அடுக்கிவிட்டு, பழைய உடைந்த ஓடுகளையே மேலே ஏற்றியிருந்தான் குப்பாண்டி. மந்திரி அடுப்பைப் பற்றவைத்தார், அணைந்தது. மூலைக்கு மாற்றினார், அங்கும் ஒழுகியது. கடைசியில் சட்டியில் பாலைவிடத் தண்ணீர்தான் அதிகம்.

"இதில் மனிதன் குடியிருப்பானா?" என்று கத்தினார் மந்திரி.

"தாங்கள் வாடகைக்கு விட்ட வீடு இதுதான் ஐயா" என்றான் குப்பாண்டி.

ராஜா, நிரம்பிக் கிடந்த தறிக்குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அரண்மனையில் எனக்கு மழையின் சத்தம் மட்டும்தான் கேட்கும்" என்றார் மெல்ல. பிறகு சொன்னார்: "கூரையும் சுவரும் வீட்டுக்காரர் பொறுப்பு. வீட்டைச் சுத்தமாக வைத்து, வாய்க்கால் அடைபடாமல் பார்ப்பது குடியிருப்பவர் பொறுப்பு. பூவாயி இங்கேயே இருப்பாள். மந்திரியாரே புது ஓடுகளை ஏற்றுவார். குப்பாண்டி, உனக்கு என்ன வேண்டும்?"

"இப்போதைக்கு ஓர் ஏணி, மகாராஜா."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ஏணியோடு தம் முத்துமாலையையும் கொடுத்தார்.

ஓடுகளைச் சுமந்துகொண்டு மந்திரி ஏணியில் கால் வைத்தார். கீழிருந்து பூவாயி பதறினாள்.

"பாத்து ஏறுங்க சாமி! அந்தப் பக்கத்து உத்தரம் உளுத்துக் கிடக்கு. அதையுந்தான் மூணு வருசமா சொல்லிக்கிட்டிருக்கேன்."