ஆந்தைக்கு மட்டை நட்ட கதை

அந்தக் காலத்தில் எல்லா உயிருக்கும் பேச்சு இருந்தது. பொறுமைதான் மனுஷருக்கு இல்லை. அது இன்றைக்கும் அப்படித்தான், விடுங்கள்.

சடைச்சி என்று ஒருத்தி. புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். ஆற்றோரத் துண்டுத் தோட்டத்தில் சர்க்கரைவள்ளி போட்டிருந்தாள். மழை வரும்வரை அந்தக் கிழங்குதான் வீட்டுக்குச் சோறு. அதில் எலி விழுந்தது. பாத்தியெல்லாம் வளை. மேலே கொடி பச்சையாகப் படர்ந்திருக்கும், இழுத்தால் கீழே கிழங்கு இருக்காது.

தோட்டத்து மூலையில் ஒரு பட்ட பனை. அதன் பொந்தில் ஓர் ஆந்தை நான்கு குஞ்சு பொரித்திருந்தது. சடைச்சி அண்ணாந்து நின்று அழுதாள்.

“தங்கச்சி, இந்த எலிங்க எம்பிள்ளைங்க வயித்துல அடிக்குது. ஏதாச்சும் செய்யேன்.”

“செய்யுறேன் அக்கா. எம்பிள்ளைகளுக்கும் பசிதானே? அடுத்த அமாவாசை வரைக்கும் பொறுத்துக்க. ஆனா மண்ணுல விஷம் மட்டும் வச்சிடாத.”

“சத்தியமா வைக்கமாட்டேன்” என்றாள் சடைச்சி.

ஆந்தை சொன்னபடி செய்தது. நாளுக்கு ஆறு எலி, ஏழு எலி. ஆனாலும் எட்டாம் நாள் சடைச்சி ஒரு கொடியை இழுத்தபோது பாதி கடித்த கிழங்கு வந்தது. அவ்வளவுதான், பாவிமகளுக்குப் பொறுக்கவில்லை. விஷத்துக்கு எட்டிக்கொட்டையை இடித்து, வறுத்த அரிசியில் பிசறி, வளைக்கு ஒரு கை வைத்தாள்.

சாயங்காலம் அதைத் தின்ற எலி ஒன்று தள்ளாடி வெளியே வந்தது. ஆந்தை அதைத் தூக்கிப்போய், தான் ஒரு வாய்கூடத் தின்னாமல், நான்கு குஞ்சுக்கும் பிய்த்துக் கொடுத்தது.

விடிந்ததும் பனையடியில் ஆந்தை உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் நான்கு குஞ்சும் விறைத்துக் கிடந்தன.

சடைச்சி ஓடிவந்தாள். “அய்யோ, எலிக்குத்தானே வச்சேன் தங்கச்சி!”

“அந்த எலி யார் வாய்க்கு வரும்னு உனக்குத் தெரியாதா, சடைச்சி?”

அதோடு ஆற்றுக்கு அக்கரை பறந்துவிட்டது.

மிச்ச எலிகள் அந்த அரிசியை மோந்துகூடப் பார்க்கவில்லை. குட்டி போட்டுப் பெருகின. சடைச்சி ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்கி எடுத்து, ஆளுயரக் குழியில் புதைத்தாள். பிறகு அக்கரைக்குப் போய், ஆந்தை இருந்த மரத்தடியில் மூன்று நாள் நின்றாள்.

“நான் பண்ணின பாவத்துக்கு மன்னிப்பு கேக்க எனக்கு வாயில்ல. பிள்ளைங்க பட்டினி கிடக்குதுங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

ஆந்தை கிளையிலிருந்து குனிந்து அவளைப் பார்த்தது.

“உம்பிள்ளைங்க என்ன பண்ணுச்சு? வர்றேன். ஆனா உன் வாய்வார்த்தையை இனிமே நம்பமாட்டேன். விஷம் வைக்காத தோட்டத்துல ஒரு தென்னைமட்டையைத் தலைகீழா நட்டு வை. அகலமான அடிப்பக்கம் மேல இருக்கட்டும். அதைப் பார்த்தா வந்து உக்காருவேன். விஷத்தையும் வச்சு மட்டையையும் நட்டா, என்னைக் கூப்பிட்டுக் கொல்றேன்னு அர்த்தம்.”

சடைச்சி அன்றே மட்டை நட்டாள். பொழுது சாயும்போது ஆந்தை வந்து அதன்மேல் உட்கார்ந்தது. “தங்கச்சி” என்று கூப்பிட்டாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று முதல்தான் தோட்டக்காரர்கள் தென்னைமட்டையைத் தலைகீழாக நடுகிறார்கள். நட்ட மண்ணில் எலிக்கு விஷம் வைப்பதில்லை. ஆந்தையும் தவறாமல் வந்து தன் வேலையைச் செய்துவிட்டுப் போகிறது. மனுஷரோடு மட்டும் அது அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை.