சுகந்தி காரின் பின் இறக்கை

ஒரு விடுகதை. வேகம் கூடினால் எழுந்து நிற்கும். வேகம் குறைந்தால் படுத்துக்கொள்ளும். ஆனால் அதற்குக் கால் கிடையாது. அது என்ன?

யோசித்துப் பாருங்கள். தெரியாவிட்டால் வருத்தப்பட வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்காது.

அது ஒரு காரின் பின் இறக்கை. பந்தயக் கார் போன்ற சில கார்களின் முதுகில் இருக்கும். ஸ்பாய்லர் என்பார்கள். வேகம் எண்பதைத் தொட்டதும் தானாக எழும். காரின் பின்பக்கம் காற்றில் தூக்கிக்கொள்ளாமல் சாலையோடு அழுத்திப் பிடிக்கும். வேகம் தணிந்ததும் மடங்கிப் படுத்துவிடும்.

அப்படி ஒரு சிவப்புக் கார், கோயம்புத்தூரில் ரெஜினா டீச்சரின் பட்டறைக்கு வந்தது.

ஓட்டி வந்தவர் திருமூர்த்தி. ஐ.டி.ஐ.யில் ரெஜினா டீச்சரிடம் ஃபிட்டர் வேலை கற்றவர். இப்போது சொந்தமாகப் பம்புசெட் கம்பெனி வைத்திருக்கிறார். கூடவே அவருடைய ஒன்பது வயது மகள் நிறைமதியும் வந்திருந்தாள்.

"டீச்சர், இந்த இறக்கையைக் கழட்டிருங்க. எப்பவும் நிக்கிற மாதிரி ஒண்ணு போட்டுருங்க."

"ஏனப்பா?"

"சரியா எழ மாட்டேங்குதுங்க. முன்னெல்லாம் எண்பதுல எழும். அப்புறம் தொண்ணூறாச்சு. நூறாச்சு. போன ஞாயித்துக்கிழமை நூத்தி இருபதுலதான் எழுந்துச்சு."

"பாப்பாவை உக்கார வெச்சுக்கிட்டு நூத்தி இருபதா?"

திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார்.

நிறைமதி வாசலில் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்து தேன்மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காதபடி அவர் சொன்னார்.

"அது எழுந்தா அவங்கம்மா வந்துட்டதா நினைக்கிறா, டீச்சர்."

கார் அவர் மனைவி சுகந்தியுடையது. பழைய காராக வாங்கி, இதே பட்டறையில் டீச்சரோடு சேர்ந்து ஒவ்வொரு பாகமாகச் சரி செய்தவர் சுகந்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் பைபாஸ் சாலைக்குப் போவார்கள். இறக்கை எழும்போது, "எந்திரிச்சுட்டாண்டோய்!" என்று சுகந்தி கத்துவார். போன சித்திரையில் அவர் இறந்துபோனார்.

அதன்பிறகு முதல்முறை காரை எடுத்தபோது, பின்சீட்டில் திரும்பி மண்டியிட்டிருந்த நிறைமதி, "அப்பா, அம்மா வந்துட்டாங்க" என்றாள்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறவில்லை.

"எழலைன்னா அழறாளா?" என்று டீச்சர் கேட்டார்.

"அழறதில்லீங்க. ஒண்ணும் பேசாம பார்த்துக்கிட்டே இருப்பா. என்னால அதைத் தாங்க முடியாது. இன்னுங் கொஞ்சம் மிதிப்பேன். அப்புறம், எழுந்திருச்சுப்பான்னு சொல்லுவா."

"நீ பார்த்தியா?"

"எனக்குக் கண்ணாடியில அவ தலைதான் தெரியும். மோட்டார் ஓடுற சத்தம் கேக்கும்."

"இறக்கைக்கு அடியில இருக்கிற மூடியைத் திறந்து பார்த்தியா?"

"இல்லீங்க."

"பம்புசெட் முதலாளிக்கு ஸ்குரூ கழட்ட மறந்துபோச்சா? நான் சொல்லிக் கொடுத்த லட்சணம் இவ்வளவுதானா?"

திருமூர்த்தி சிரிக்கவில்லை. காரின் பின்பக்கம் போய் ஒரு ஸ்குரூவைக் காட்டினார்.

அதன் தலைமேல் ரோஜா நிறத்தில் ஒரு சின்னக் கோடு இருந்தது.

ரெஜினா டீச்சரிடம் வேலை கற்ற எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. கடைசியாக முடுக்கியவர், முடுக்கிய இடத்தில் வண்ணம் வைத்துவிட வேண்டும். அப்போதுதான் மறுபடி யாராவது தொட்டால் தெரியும். எல்லோரும் பெயின்ட் வைப்பார்கள். சுகந்தி மட்டும் தன் நகப்பூச்சை வைப்பார்.

"அவ மூடுனது, டீச்சர். எப்படித் திறக்கிறது?"

டீச்சர் ஸ்குரூ டிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

திருமூர்த்தி வெகுநேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு திருகினார். ரோஜா நிறம் தூளாக உதிர்ந்தது.

மூடி திறந்தது.

இறக்கை மேலும் கீழும் போய்வரும் தடத்தின்மேல் ஒரு குளவிக்கூடு இருந்தது. மண்ணால் கட்டிய கூடு. நன்றாகக் காய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு ஓட்டை. உள்ளே வளர்ந்த குளவி என்றோ பறந்து போயிருந்தது.

டீச்சர் அதை ஒரு விரலால் தொட்டார். பொலபொலவென்று உதிர்ந்தது.

திருமூர்த்தி தரையில் கிடந்த மண்ணைப் பார்த்தார்.

"மோட்டார்ல இருந்து வர்ற கம்பி அறுந்து கிடக்கு. மோட்டார் மட்டும் சும்மா சுத்திக்கிட்டு இருந்திருக்கு. இறக்கை ஒரு தடவை எழுந்திருந்தாலும் இந்தக் கூடு அப்பவே உதிர்ந்திருக்கும்" என்றார் டீச்சர்.

"ஆனா ஒவ்வொரு வாரமும் எழுந்துச்சே, டீச்சர். பாப்பா சொன்னாளே."

டீச்சர் வாசல் பக்கம் பார்த்தார். தேன்மிட்டாய்ப் பொட்டலம் டயர்மேல் இருந்தது. நிறைமதி அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"அப்பா, திட்டாதீங்க."

"திட்டலை சாமி. சொல்லு."

"நெசமாவே வரும்னுதான் பார்த்துக்கிட்டு இருப்பேன். கார் ரொம்ப வேகமாப் போகும். எவ்வளவு நேரம் முடியுதோ அவ்வளவு நேரம் பொறுத்துக்குவேன். அப்புறம் பயமா இருக்கும். எழுந்திருச்சுன்னு சொல்லிருவேன். நீங்க மெதுவாப் போயிருவீங்க."

தெருவில் ஒரு கேஸ் வண்டி சிலிண்டர்கள் குலுங்கப் போயிற்று.

"முதல் தடவை?" என்று திருமூர்த்தி கேட்டார்.

"முதல் தடவை நெசமாவே எழுந்துச்சுப்பா."

திருமூர்த்தி காரின் மறுபக்கம் போய், முகம் தெரியாதபடி நின்றுகொண்டார்.

டீச்சர் பரணிலிருந்து மடங்காத ஒரு கறுப்பு இறக்கையை இறக்கினார். துணியால் துடைத்து மேசைமேல் வைத்தார். பிறகு குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தார்.

"நிறைமதி, ரெண்டு வழி இருக்கு. அறுந்த கம்பியை வெளிநாட்டுல இருந்து வரவழைக்கலாம். நாளாகும். ஆனா வந்துட்டா, பழையபடி இறக்கை தானா எழும். பொய் சொல்ல வேண்டியதில்ல. இல்லேன்னா, இதை முடுக்கிரலாம். எது வேணும்னு உங்கப்பாவைக் கேட்டா அவருக்குச் சொல்லத் தெரியாது. நீ சொல்லு."

நிறைமதி கறுப்பு இறக்கையைத் தடவிப் பார்த்தாள்.

"இது எப்பவும் நிக்குமா, டீச்சர் அத்தை?"

"நிக்கும்."

"வீட்டுல கார் சும்மா இருக்கிறப்போ?"

"அப்பவும் நிக்கும்."

"அப்ப யாரும் வந்த மாதிரி இருக்காது."

"இருக்காது."

"நான் திரும்பி உக்காந்து பார்த்துக்கிட்டே வரணுமா?"

"வேண்டாம், கண்ணு."

அவள் காரின் மறுபக்கம் ஒருமுறை பார்த்தாள். அங்கே அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது.

எப்பவும் நிற்பதையே போடச் சொன்னாள் நிறைமதி.