இரண்டாவது கேபிள்

தூத்துக்குடிப் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்றில் ஒரு யூனிக்ஸ் சர்வர் இருந்தது. காற்று மாறினால் கடலில் இருக்கும் இருநூறு படகுகளுக்கும் தகவல் அனுப்புவது அதன் வேலை. அதைக் கட்டி மேய்த்தவள் தமயந்தி. வயது முப்பத்தொன்று. ஒன்பதாம் மாதம். வியாழக்கிழமை வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போகிறாள்.

அவளிடம் வேலை கற்றவர் கஸ்பார். ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் விசைப்படகில் வயர்லெஸ் பிடித்துவிட்டு, இரண்டு வருடமாக அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஊர் சிரித்தது. அவர் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, சர்வரின் இரண்டு நெட்வொர்க் கார்டுகளையும் ஜோடி சேர்த்து முடித்தார். ஒன்று செத்தால் மற்றது தானாக வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்குகின்றன. அவர் தம்பியின் படகும் அதில் ஒன்று.

"டீச்சர், இந்த ரெண்டாவது கார்டு ஒரு நாள்கூட வேலை பாத்ததில்ல. தேவைப்படுற அன்னைக்கு எந்திரிச்சு நிக்கும்னு எதை வச்சு நம்புறது?"

தமயந்தி மாங்காய்க் கீற்றை மிளகாய்ப்பொடியில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் கார்டோட கேபிளப் பிடுங்குங்க அண்ணாச்சி."

"ஓடிக்கிட்டிருக்கிற சர்வர்லயா?"

"நின்னுபோனதுல பிடுங்கி என்னத்தத் தெரிஞ்சுக்கப் போறீங்க?"

கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினார். திரை ஒரு கணம் தயங்கிவிட்டு ஓடியது. கஸ்பார் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது.

"அவ்வளவுதானா டீச்சர்?"

"கேபிள் மட்டும்தான் சாகுமா?"

அவர் கேபிளைத் திரும்பச் செருகிவிட்டு யோசித்தார். பிறகு இரண்டு கேபிள்களையும் விரலால் தடவிக்கொண்டே போனார். இரண்டும் சர்வரை வெளியுலகோடு இணைக்கும் ஒரே சுவிட்ச் பெட்டியில் போய் முடிந்தன. அதன் பவர் பிளக்கை உருவினார். திரை முழுக்கச் சிவப்பு. ஒரு தகவல்கூடப் போகவில்லை.

பக்கத்து அறையில் இன்னொரு சுவிட்ச் இருந்தது. அதுவரை இழுத்தால் வயர் சுவரில் அசிங்கமாகத் தொங்குமே என்று, அழகு பார்த்து இரண்டையும் இங்கேயே செருகியவர் அவர்தான். பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டுக் கூனிக்குறுகிப் போனார்.

"ரெண்டு நங்கூரத்தையும் ஒரே கயித்துல கட்டியிருக்கேன். கடல்ல கிடந்தவன் செய்யிற காரியமா இது!"

தமயந்தி அடுத்த கீற்றை எடுத்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள் என்று அவருக்குக் கோபமாகக்கூட வந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். மதியம் வரை வியர்க்க விறுவிறுக்க, இரண்டாவது கேபிளைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார். வயர் அசிங்கமாகத்தான் தொங்கியது.

வந்து, பழைய சுவிட்சின் பிளக்கை மறுபடி உருவினார். மூன்று மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரை பச்சையானது.

பிளக்கைத் திருப்பிச் செருகக் குனிந்தவரைத் தமயந்தி நிறுத்தினாள்.

"இருக்கட்டும். சாயங்காலம் வரைக்கும் ரெண்டாவதே ஓடட்டும்."

அவர் எல்லாப் படகுகளுக்கும் சோதனைத் தகவல் அனுப்பினார். பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. தம்பி மட்டும் போனிலேயே கூப்பிட்டுவிட்டான்.

"என்னண்ணே, கரையில நிக்கிற எங்களுக்குப் போய் காத்துச் சேதி அனுப்புறீங்க?"

கஸ்பாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாலு மணிக்குள் இருநூறு படகுகளும் பதில் சொல்லிவிட்டன.

சாயங்காலம் தமயந்தி பையை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். கஸ்பார் வாசலை மறித்தாற்போல் நின்றார்.

"டீச்சர், காலையில நான் கேட்டது கார்டப் பத்தி மட்டும் இல்ல."

"தெரியும்."

"நீங்க போயிட்டா, நான் ஒருத்தனாத் தாங்குவேனா? பயமா இருக்கு."

அவள் அவருடைய மேசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"காலையில இருந்து மாங்காயும் மிளகாப்பொடியுமாத்தான உக்காந்திருக்கேன்? கீபோர்டப் பாருங்க அண்ணாச்சி. என் கை மிளகாப்பொடி எங்கயாவது ஒட்டியிருக்கா?"