புடவைக்குப் பின்னால் ஒரு பல்பு

வெளிச்சத்தையும் இருட்டையும் வைத்து ஓர் அறையையே கலைப்படைப்பாக்குகிறவர் கனகவல்லி. மனைவி ஸ்டெல்லா இறந்த பிறகு அவரிடம் கற்றுக்கொள்ள வந்தார் தேவசகாயம். குருவைவிட வயதில் மூத்த சீடர்.

தூத்துக்குடியில் ஒரு பழைய உப்புக் கிடங்கில் கண்காட்சி. அங்கே தேவசகாயம் தன் முதல் அறையை அமைத்தார். நடுவில் ஸ்டெல்லாவின் நீல நூல்புடவை கூரையிலிருந்து தரைவரை தொங்கியது. நாலு சுவரிலும் விளக்குகள். கண் கூசியது.

கனகவல்லி வாசலிலேயே நின்று பார்த்தார்.

“யாருக்காகச் செஞ்சீங்க அண்ணாச்சி?”

“என் மக நிர்மலாவுக்காகத்தான், டீச்சர். மதுரையிலேருந்து வந்துக்கிட்டிருக்கா. அவ அம்மாவை நல்லாப் பாக்கணும்.”

கனகவல்லி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். புடவைக்குப் பின்னால் ஒரு சின்ன பல்பை மட்டும் விட்டுவைத்தார். ஜன்னலில் கறுப்புத் துணியை இழுத்து மூடினார்.

“ஒண்ணுமே தெரியலையே டீச்சர்!”

“தெரியும். பொறுங்க.”

மத்தியானம் நிர்மலா வந்தாள். உள்ளே வந்ததும் தடுமாறி நின்றாள்.

“அப்பா, எங்க இருக்கீங்க?”

“இங்கதாம்மா, மூலையில.”

அவர் கை சுவிட்சைத் தேடியது. கனகவல்லி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணுக்கு இருட்டு பழகியது. முதலில் நீலம் தெரிந்தது. பிறகு இழைகள். கீழே கரையோரம், நெருக்கமாகத் தைத்த ஓர் இடம் மட்டும் ஒளியை விடாமல் கறுப்பாக நின்றது.

“சைக்கிள் செயின்ல மாட்டிக் கிழிஞ்சதுப்பா. என்னைப் பின்னாடி உக்கார வச்சு அம்மா மிதிச்சாங்க. அன்னைக்கே உக்காந்து தைச்சாங்க...”

பிறகு விம்மல் கேட்டது.

அடக்கத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக்கொண்டு, அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்துக்கொண்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றவள் அவள். தேவசகாயம் அந்தச் சத்தத்தை நோக்கித் தடவித் தடவி நடந்தார். அவள் தோள் கைக்குக் கிடைத்தது. அவள் அப்படியே சாய்ந்துகொண்டாள்.

நெடுநேரம் கழித்து அவள் முகம் கழுவ வெளியே போனாள்.

“அத்தனை விளக்கு வச்சிருந்தேன்,” என்றார் தேவசகாயம். “இந்த இருட்டுல எப்படி டீச்சர் அவளுக்கு அழுகை வந்துச்சு?”

“வெளிச்சத்துல உங்க முகம் தெரிஞ்சிருக்கும் அண்ணாச்சி. அதைப் பாத்துக்கிட்டு அவ எப்படி அழுவா?”